பத்தொன்பது வாசல்

அத்தியாயம் 7

"மேடம், உங்க சக்களத்தி வசமா மாட்டிக்கிட்டா."

ரெமி இப்படிச் சொன்னதும் ஒடெட்டுக்குச் சட்டென்று பத்து வயது குறைந்தது. குடித்துக்கொண்டிருந்த காபியை வண்டியின் டாஷ்போர்டில் வைத்துவிட்டு, சந்தோஷம் வெளியே தெரியாதபடி முகத்தைச் சுளித்துக்கொண்டாள்.

"சக்களத்தின்னு சொல்லாதடா. எனக்கும் அந்தாளுக்கும் விவாகரத்து ஆகி நாலு வருஷம் ஆச்சு."

"சரி. உங்க முன்னாள் வீட்டுக்காரரோட இந்நாள் வீட்டுக்காரி. யப்பா, சொல்லி முடிக்கறதுக்குள்ள மூச்சு வாங்குது. சக்களத்தியே சௌகரியம்."

ஒடெட் மியூஸ் துப்பறியும் தொழிலுக்கு வந்து ஆறு வருஷம். அதற்கு முன்னால் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சேதம் மதிப்பிடும் வேலை. எரிந்த வீட்டைப் பார்த்தாலே, தானாகப் பற்றியதா, பற்றவைத்ததா என்று சொல்லிவிடுவாள் என்று பெயர். ரெமி டூசே அவளுடைய ஒரே உதவியாளன். சம்பளம் குறைவு என்பதால் மீதியை வாயால் வசூலித்துக்கொள்கிறவன்.

கையிலிருந்த கேஸ் அவளுக்காகவே செய்தது போல வந்திருந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியாக் கரையில் அவள் பிறந்த ஊரான சாந்த்-ரோஸ். மீன்பிடி ஊர், மொத்தம் நூற்று நாற்பது வீடு. கடல் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே வருகிறது. போன குளிரில் இரண்டு முறை தெருவுக்குள்ளேயே வந்துவிட்டுப் போனது. ஊரைக் காப்பாற்றுவதா, காலி செய்வதா என்று மாகாண அரசு கணக்குக் கேட்டது. கரையை உயர்த்தி, தாழ்வான வீடுகளைத் தூக்கி நிறுத்தினால் மூன்று கோடியே பத்து லட்சம் டாலர். எல்லோரையும் மேட்டு நிலத்துக்குக் குடிபெயர்த்தால் இரண்டு கோடியே தொண்ணூற்றைந்து லட்சம். எது மலிவோ அதற்குத்தான் அரசு பணம் தரும். விண்ணப்பம் போட நாளை மத்தியானம் கடைசி. ஊர்க்கூட்டம் இன்று மூன்று மணிக்கு. இந்தக் கணக்கு நின்றால் சாந்த்-ரோஸ் போய்விடும்.

கணக்குப் போட்டவள் மிரேய். ஒட்டாவாவிலிருந்து வந்த பொருளாதாரக்காரி. கடல் எவ்வளவு ஏறும் என்று பார்க்க மூன்று வருஷத்துக்கு முன் வந்தவள், ஒடெட்டின் முன்னாள் கணவன் கிளோவிஸ் வீட்டிலேயே தங்கி, அவனையே கல்யாணமும் செய்துகொண்டாள். 'கணக்கெடுக்க வந்தவள் என் புருஷனையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள்' என்பது ஒடெட் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் கதை. விவாகரத்து முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் மிரேய் அந்த ஊரையே பார்த்தாள் என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் பொறாமைக்குத் தேதி கிழமை எல்லாம் கிடையாது.

"அந்தம்மா கவர்மென்ட்டுக்கு ஏத்த மாதிரி எழுதிக் குடுத்திருக்கு. எங்க புளுகியிருக்குன்னு கண்டுபிடிச்சுக் குடு" என்று ஊர் மன்றத் தலைவர் லூசியன் வந்து கேட்டபோது ஒடெட் பீஸ்கூடப் பேசவில்லை. இரண்டு நாளாக அவளும் ரெமியும் மிரேய் அளந்த முப்பது வீடுகளை மறுபடி அளந்தார்கள். ஒன்றிலாவது ஒரு விரற்கடை தப்பு இருக்கவேண்டுமே. இல்லை. ஒடெட்டுக்கு இரண்டு ராத்திரி தூக்கமும் இல்லை.

இப்போதுதான் துறைத் தெருவில் வண்டி நின்றிருந்தது.

"படிக்கறேன், கேளுங்க. துறைத் தெரு நாப்பத்தொண்ணாம் நம்பர். தரையிலேர்ந்து வாசல் உயரம், இருபது புள்ளி மூணு சென்டிமீட்டர். தாழ்வான வீடு. தூக்கி நிறுத்தணும். செலவு ஒரு லட்சத்து இருபதாயிரம்."

இருவரும் நாற்பத்தொன்றாம் நம்பர் வீட்டைப் பார்த்தார்கள். முன்கதவு ரெமியின் நெஞ்சு உயரத்தில் இருந்தது. வெள்ளைச் சட்டம், பித்தளைக் குமிழ் எல்லாம் இருந்தன. படி மட்டும் இல்லை. அந்தக் கரையோரத்தில் முன்கதவுக்குப் படி கட்டுகிறவர்கள் குறைவு. இருக்கவேண்டும் என்பதற்காக இருக்கும் கதவு அது.

"மாமியார வழியனுப்பறதுக்குன்னே வெச்ச கதவு மேடம். 'போயிட்டு வாங்க அத்தை'ன்னு திறந்துவிட்டா போதும்."

ஒடெட் சிரிக்கவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நான்கு அடி இரண்டு அங்குலம். சென்டிமீட்டரில் நூற்று இருபத்தேழு. நிலைச்சட்டத்தின் அடியில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, அதன் ஒரு காலை மட்டும் நீட்டி இழுத்தாள். அளந்த இடத்துக்கு அடையாளம் வைப்பது இன்ஷூரன்ஸ் காலத்துப் பழக்கம். அடுத்த வீடு நூற்று இருபத்திரண்டு. அதற்கடுத்தது நூற்று முப்பது. அறிக்கையில் மூன்றுமே முப்பதைத் தாண்டவில்லை. துறைத் தெருவின் பத்தொன்பது வீட்டுக்கும் அப்படித்தான் எழுதியிருந்தது.

"பத்தொன்பது வீடு. தலைக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம்" என்றான் ரெமி. "இருபத்திரண்டு லட்சத்து எண்பதாயிரம் டாலர் சும்மா ஏத்திவிட்டிருக்கா. இதைக் கழிச்சா காப்பாத்தறதுதான் மலிவு."

"புளுகியிருக்கா" என்றாள் ஒடெட். அந்த வார்த்தை வாயில் இனித்தது. "வீட்டுக்கே போகாம ரூம்ல உக்காந்து எழுதியிருக்கா. அந்தக் கிளோவிஸ் முகத்தை இன்னிக்கு நான் பாக்கணும்."

"கேஸைப் பாக்கலாமா, முகத்தைப் பாக்கலாமா? எதுக்கு பீஸ் வாங்கறோம்?"

"ரெண்டுக்கும்."

ரெமி அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தான். பிறகு போனை எடுத்து எதையோ வகுத்துப் பார்த்தான். இன்னொன்றை வகுத்தான். மூன்றாவதையும் வகுத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"மேடம், ஒரு சின்ன வில்லங்கம். மத்த வீட்டு எண்ணெல்லாம் பாருங்க. நாப்பத்தேழு, அறுபத்து மூணு, நூத்திப் பதினெட்டு. எல்லாம் முழு எண். அந்தம்மா டேப்பைப் பிடிச்சா முழு சென்டிமீட்டர்லதான் எழுதும். இந்தப் பத்தொன்பது வீட்டுக்கு மட்டும் புள்ளி வெச்சு வருது. இருபது புள்ளி மூணு. இருபத்தஞ்சு புள்ளி நாலு. இருபத்திரண்டு புள்ளி ஒன்பது."

"அதனால?"

"ரெண்டு புள்ளி அஞ்சு நாலால வகுத்தேன். எட்டு, பத்து, ஒன்பது. ஒண்ணு விடாம முழு அங்குலம். புளுகறவ முழு எண்ணாப் புளுகியிருப்பா. அங்குலத்துல புளுகி அதை சென்டிமீட்டரா மாத்தி எழுத அவளுக்கு என்ன தலையெழுத்தா? இதை வேற யாரோ அளந்திருக்காங்க. அங்குலத்துல அளக்கற ஆளு."

ஒடெட்டின் வாயிலிருந்த இனிப்பு கொஞ்சம் குறைந்தது. ஒட்டாவாவில் படித்தவளுக்கு அங்குலம் ஏது? இந்தக் கரையில் அங்குலத்தில் அளப்பவர்கள் தச்சர்களும் படகு கட்டுகிறவர்களும்தான். அந்த நினைப்பு வந்ததும் இனிப்பு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

"கிளோவிஸ் தச்சன்" என்றாள்.

"சந்தோஷத்தை அடக்குங்க மேடம். வண்டிக் கண்ணாடி ஆவி கட்டுது."

*

கிளோவிஸ் தன் பட்டறையில் சிங்கி இறால் கூண்டுகளுக்குக் கயிறு மாட்டிக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை சீசன் தொடக்கம். ஊரில் எல்லாப் பட்டறையிலும் அதே வேலைதான். அவன் முடி வெட்டியிருந்தான். நன்றாக வெட்டியிருந்தான். ஒடெட்டோடு இருந்த பத்தொன்பது வருஷமும் காதை மறைத்துக்கொண்டு திரிந்தவன். இவள் சொல்லிக் கேட்காததை மிரேய் சொன்னதும் கேட்டிருக்கிறான்.

"துறைத் தெருவை அளந்தது நீதானே?" என்று ஒடெட் நேராகக் கேட்டாள்.

"வா ஒடெட். எப்படி இருக்கே? ரெமி, உக்காருப்பா."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. பெண்டாட்டிக்கு ஒத்தாசையா நீ அளந்து குடுத்தியா, இல்லியா?"

"நான் எதுக்கு அளக்கறேன்? அவ வேலைல நான் கை வைக்கறதில்ல. ஒரு தடவ டேப்பை எடுத்ததுக்கே, 'உன் அங்குலத்தை உன் படகோட வெச்சுக்க'ன்னு சொல்லிட்டா." இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை வந்தது. ஒடெட் கூண்டுகளைப் பார்த்துக்கொண்டாள்.

"அப்போ துறைத் தெருவுக்கு அவ போகவே இல்ல?"

"போகாம? நாலு தடவ போனா. மத்த தெருக்காரங்க ஊர்க்கூட்டத்துலயே கையெழுத்துப் போட்டுட்டாங்க. துறைத் தெருவுல ஒருத்தரும் கதவைத் திறக்கல. வீட்டுக்காரங்க கையெழுத்து இல்லாம அளக்கக் கூடாதாம், சட்டம். மழைல நனைஞ்சு வந்து அழுதா பாவம்."

"எந்தக் கதவைத் தட்டினா?" என்று ரெமி கேட்டான்.

"முன்கதவை."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். சிரிக்காமல் என்ன செய்வது? அந்த ஊரில் முன்கதவைத் தட்டுவது போலீஸும் சாவுச் செய்தியும்தான். தட்டும் சத்தம் கேட்டால் வீட்டுக்காரன் திரைச்சீலையை ஒரு விரலால் விலக்கிப் பார்ப்பானே தவிர, திறக்கமாட்டான். அதுவும் படி இல்லாத கதவுக்குக் கீழே நின்றுகொண்டு, கையை உயர்த்தித் தட்டிக்கொண்டிருந்த ஒட்டாவாக்காரி. கிளோவிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பழையபடி இருவரும் சேர்ந்து சிரித்துவிட்டோம் என்று ஒடெட்டுக்கு உறைத்ததும் சிரிப்பு நின்றது. அவன் அடுத்ததாகச் சொன்னதில் மிச்சம் மீதியும் போயிற்று.

"ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்க. மிரேய் பொய் எழுதமாட்டா. எனக்கு அவளைத் தெரியும்."

"என்னையும் தெரியும்னு ஒரு காலத்துல சொன்னே" என்றாள் ஒடெட், வெளியே நடந்துகொண்டே.

வண்டியில் ஏறியதும் ரெமி சீட் பெல்ட்டை மாட்டினான்.

"அந்தாளு பொய் சொல்லல மேடம்."

"தெரியும்டா. அதான் எரிச்சலா இருக்கு." அவள் ஸ்டியரிங்கை விரல்களால் தட்டினாள். "முன்கதவைத் தட்டினவளுக்குத் திறக்கல. ஆனா யாரோ பத்தொன்பது வீட்டையும் அளந்திருக்காங்க. அப்போ அந்த ஆளு எப்படி உள்ள போயிருப்பான்?"

"நம்மள மாதிரி. பின்பக்கமா."

*

ஃபிர்மன் சுரெட் என்ற பெரியவரின் வீடு, முன்கதவை அளந்த அதே நாற்பத்தொன்றாம் நம்பர். பின்பக்கம் சுற்றிப் போனார்கள். வீட்டோடு ஒட்டி ஒரு தாழ்ந்த சார்ப்பு. ஈர பூட்ஸும் மழைக் கோட்டும் கழற்றிப் போடுகிற இடம். அதன் கதவு எப்போதும் போலத் தாழிடாமல் இருந்தது. சார்ப்புக்குள் நுழைந்து நான்கு படி ஏறினால்தான் சமையலறை. ஃபிர்மன் மேல்படியில் உட்கார்ந்து, மடியில் மிதவைக் கட்டைகளை வைத்துக்கொண்டு பச்சை வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்.

"யாரு, ஒடெட்டா? கதவைச் சாத்திட்டு வா, குளிர் வருது. இந்தப் பயலுக்கு இன்னும் கல்யாணம் ஆகலியா?"

"யாரும் கேக்கலை மாமா" என்றான் ரெமி, குனிந்து வாசலில் டேப்பை வைத்தபடியே. "மேடம். எட்டு அங்குலம்."

ஒடெட் திரும்பிப் பார்த்தாள்.

"இருபது புள்ளி மூணு. அச்சு அசலா. எண் பொய்யில்ல மேடம். கதவுதான் வேற. வீட்டுத் தரை மேல நாலு படி தள்ளி இருக்கு. அளந்த ஆளு சார்ப்புத் தரையை அளந்துட்டு வீட்டுத் தரைன்னு எழுதிட்டான். கடல் வந்தா இவரு பூட்ஸ் நனையும், அவ்வளவுதான். இதுக்குப் போய் வீட்டையே தூக்கணும்னு கணக்கு!" ரெமிக்கு உற்சாகம் பிடிபடவில்லை. "அழகு என்னன்னா, வெளியூர்க்காரி அளந்திருந்தா சரியா அளந்திருப்பா. அவளுக்குத் தெரிஞ்ச ஒரே கதவு முன்கதவு. இந்தத் தப்பைப் பண்ணணும்னா இந்த ஊர்ல பொறந்திருக்கணும். வாசல்னா பின்வாசல்தான்னு ரத்தத்துலயே ஊறின ஆளாத்தான்..."

அவன் நிறுத்திவிட்டான்.

நிலைச்சட்டத்தின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்து ஒடெட்டைப் பார்த்தான். ஒரு கேலிகூட இல்லை அவன் முகத்தில். அவனோடு வேலை பார்த்த ஐந்து வருஷத்தில் அவனை அப்படி அவள் பார்த்ததில்லை. அவளும் குனிந்தாள். மங்கிப்போன பென்சில் கோடு. சின்னதாக ஒரு பெருக்கல் குறி. அதில் ஒரு கால் மட்டும் நீண்டிருந்தது.

"என்ன தேடறீங்க ரெண்டு பேரும்?" என்றார் ஃபிர்மன். "நீதானேம்மா வந்து அளந்தே. அந்தப் பெரிய புயலுக்கு மறுவருஷம். உங்க கம்பெனிக்குன்னு சொல்லி, தெரு முழுக்க ஒரே நாள்ல அளந்தே. பனி கொட்டுச்சு. என் பெண்டாட்டி உனக்கு டீ போட்டுக் குடுத்தா. அதுக்கப்புறம் பிரீமியம் ஏறினது ஏறினதுதான், பதினோரு வருஷமா இறங்கல."

ஒடெட் சார்ப்பின் பலகையில் உட்கார்ந்தாள். பனி ஞாபகம் வந்தது. டீ ஞாபகம் வந்தது. மாலைக்குள் பத்தொன்பது வீட்டையும் முடிக்கவேண்டும் என்று பின்வாசல் பின்வாசலாக ஓடியதும் ஞாபகம் வந்தது. ஒரு வீட்டில்கூட அந்த நாலு படியை ஏறிப் பார்த்து அளக்கவேண்டும் என்று தோன்றவில்லை. தோன்றாதே. அவள் பிறந்ததிலிருந்து வாசல் என்றால் அதுதான்.

*

மாதா கோயில் மண்டபத்தில் இரண்டரை மணிக்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. பெண்கள் நீள மேஜையில் ராப்யூர் தட்டங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். உருளைக்கிழங்கைத் துருவி, கோழிக்கறியோடு மணிக்கணக்கில் வேகவைத்தது. எல்லாத் தட்டமும் பாதி காலி. ஓரத்தில் ஒன்றை மட்டும் யாரும் தொடவில்லை. மேலே பொன்னாக முறுகியிருந்தது. ஒடெட்டுக்கு இருபது வருஷமாக அந்த முறுகல் வந்ததில்லை. யாருடையது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

மிரேய் மண்டபத்துச் சமையலறையில் தனியாக நின்று தன் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ரெமியை வாசலில் நிறுத்திவிட்டு ஒடெட் உள்ளே போனாள்.

"துறைத் தெரு எண்ணெல்லாம் உனக்கு எங்க கிடைச்சுது?"

மிரேய் திரும்பவில்லை. "கண்டுபிடிச்சுட்டீங்க."

"எங்க கிடைச்சுதுன்னு கேட்டேன்."

"உங்க பழைய கம்பெனி கோப்புலேர்ந்து. ஒவ்வொரு பக்கத்துலயும் உங்க கையெழுத்து இருந்துச்சு." இப்போது திரும்பினாள். கண் சிவந்திருந்தது. அப்போதும் அழகாகத்தான் இருந்தாள், என்ன செய்வது. "எனக்கு அன்னிக்கே சந்தேகம் வந்துச்சு. அவ்வளவு உயரத்துல கதவு இருக்கு, கோப்புல எட்டு அங்குலம்னு போட்டிருக்கு, எப்படின்னு. உள்ள தரை தாழ்வா இருக்கும்போலன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். உங்களுக்கு ஒரு போன் பண்ணியிருந்தா முடிஞ்சிருக்கும். நம்பர்கூட எழுதி வெச்சிருந்தேன்."

"ஏன் பண்ணல?"

"ஏன்னு உங்களுக்குத் தெரியாதா?" மிரேயின் குரல் உயர்ந்தது. "மூணு வருஷமா அந்த வீட்ல நான் கேக்கறது என்ன தெரியுமா? ஒடெட் அளந்தா அளந்ததுதான். ஒடெட்டுக்கு இந்த ஊர்ல ஒவ்வொரு பலகையும் தெரியும். ஒடெட் இப்படிச் செய்வா, ஒடெட் அப்படிச் சொல்லுவா. உங்ககிட்ட வந்து 'எனக்குப் புரியல, சொல்லிக் குடுங்க'ன்னு நான் நிக்கணுமா? செத்தாலும் மாட்டேன்னு இருந்துட்டேன். இப்போ ஊரே சாகப் போகுது."

கிளோவிஸ் ஒடெட்டிடம் ஒரு நாள்கூட அவளைப் புகழ்ந்ததில்லை. இவளிடம் போய்ப் புகழ்ந்திருக்கிறான், மடையன். இத்தனை நாள் அவள் யாரைப் பார்த்து வயிறெரிந்தாளோ, அவளும் அதே மாதிரி உட்கார்ந்து எரிந்துகொண்டிருந்திருக்கிறாள். நியாயமாக ஒடெட்டுக்கு ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். கொஞ்சம் இருக்கவும் செய்தது.

"இப்பவாவது நீ எழுந்து சொல்லலாமே? இது ஒடெட் அளந்ததுன்னு?"

"யார் நம்புவாங்க? புருஷனோட பழைய பெண்டாட்டி மேல பழியைப் போடறேன்னு சொல்வாங்க. நீங்க 'புளுகினா'ன்னு சொன்னா அதை நம்புவாங்க. என்னை ஊரைவிட்டே துரத்திடுவாங்க. ஆனா அறிக்கை பொய்னு ஆயிட்டா நாளைக்கு விண்ணப்பம் போட முடியாது. காப்பாத்தவும் பணம் வராது, காலி பண்ணவும் வராது." மிரேய் காகிதங்களைக் கையில் எடுத்துக்கொண்டாள். "உங்க இஷ்டம்."

அவள் போனதும் ரெமி உள்ளே எட்டிப் பார்த்தான்.

"மேடம், நான் எதையும் பாக்கலைன்னு சொன்னா சம்பளம் ஏறுமா?"

"ஏறாது."

"அப்போ பார்த்தேன்."

*

லூசியன் மேடையில் நின்று மணியை அடித்தார். "துப்பறிய வந்தவங்க பேசுவாங்க. ஒடெட், நேரடியாச் சொல்லு. அந்தம்மா துறைத் தெரு எண்ணைப் புளுகினாளா, இல்லியா?"

இருநூறு முகங்கள் அவளைப் பார்த்தன. எல்லோரும் ஒரே பதிலுக்காகக் காத்திருந்தார்கள். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை போதும். மூன்றாவது வரிசையில் கிளோவிஸ் மிரேயின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். தன் கையை அவன் அப்படிப் பொது இடத்தில் பிடித்ததாக ஒடெட்டுக்கு ஞாபகமே இல்லை. அந்த 'ஆமாம்' தொண்டை வரை வந்துவிட்டது. வந்து, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"இல்ல" என்றாள். "அந்தப் பத்தொன்பது வாசலையும் அளந்தது நான்."

மண்டபத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஒடெட் நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். கம்பெனி, பனி, சார்ப்பு, ஏறாத நாலு படி, எட்டு அங்குலம், எல்லாம். வீட்டுத் தரை எல்லாம் நான்கு அடிக்கு மேலே இருக்கிறது, ஒன்றையும் தூக்கவேண்டியதில்லை என்றாள்.

"அப்போ பதினோரு வருஷமா நான் கட்டின கூடுதல் பிரீமியம்?" என்று பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார்.

"என் தப்பு. கம்பெனிக்கு நானே எழுதறேன். என் பேர்லயே எழுதறேன்."

இன்னும் நாலு பேர் எழுந்தார்கள். பேச்சு தடித்தது. இனி இந்தக் கரையில் ஒடெட் மியூஸின் பேருக்கு என்ன மரியாதை என்று ஒருவன் உரக்கவே கேட்டான். லூசியன் மணியை அடித்து அடக்கிவிட்டு, காகிதத்தில் கழித்தார்.

"இருபத்திரண்டு லட்சத்து எண்பதாயிரம் போனா... ரெண்டு கோடியே எண்பத்தேழு லட்சத்து இருபதாயிரம். காலி பண்றதைவிடக் கம்மி." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா ஒடெட், மத்த நூத்தி இருபத்தோரு வீடு? அதெல்லாம் அந்தம்மா அளந்தது. அதை நம்பி நாங்க கையெழுத்துப் போடலாமா?"

உண்மையைச் சொல்வதே கஷ்டம். தன்னைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிட்டாள். அதைவிடக் கஷ்டமான ஒன்றையும் இப்போது சொல்லச் சொல்கிறார்கள். ஒடெட் மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். பிறகு கிட்ட இழுத்தாள்.

"ரெண்டு நாளா முப்பது வீட்டை மறுபடி அளந்தேன். தப்புக் கண்டுபிடிக்கணும்னே அளந்தேன். ராத்திரி தூங்காம தேடினேன். ஒரு தப்பு இல்ல. இந்த ஊரை இவ்வளவு சுத்தமா யாரும் அளந்ததில்ல. நான் உள்பட." லூசியன் பக்கம் திரும்பினாள். "நம்பலாம். தாராளமா நம்பலாம்."

கைகள் உயர்ந்தன. எண்ணத் தேவையில்லாமல் உயர்ந்தன. காப்பாற்று என்று ஊர் முடிவு செய்தது. ஃபிர்மன் தட்டோடு எழுந்து போய், ஓரத்திலிருந்த மிரேயின் தட்டத்தில் முதல் கரண்டியைப் போட்டார். அவருக்குப் பின்னால் வரிசை சேர்ந்தது. கிளோவிஸ் மிரேயைத் தோளோடு அணைத்துக்கொண்டான். ஒடெட் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

வண்டியில் ரெமி ஹீட்டரைப் போட்டான்.

"உண்மையச் சொன்னா மனசு லேசாயிடும்பாங்களே மேடம். ஆச்சா?"

"சொன்னவன் எவன்டா? அவனுக்கு முன்னாள் புருஷன் இருந்திருக்கமாட்டான்."

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். மிரேய். கோட்டுகூடப் போடாமல் ஓடி வந்திருந்தாள். ஒடெட் கண்ணாடியைப் பாதி இறக்கினாள்.

"நன்றியெல்லாம் வேணாம். எனக்கு உன்னைப் பிடிக்காது."

"எனக்கும்தான் உங்களைப் பிடிக்காது" என்றாள் மிரேய், மூச்சு வாங்க. "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அந்தப் பத்தொன்பது வீட்டையும் புதுசா அளந்து குடுத்தாத்தான் விண்ணப்பம் செல்லும். தனியா முடியாது. காலைல எட்டு மணிக்கு வரீங்களா?"

ஒடெட் கண்ணாடியை ஏற்றத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தினாள்.

"நான் ஏழுக்கே அங்க இருப்பேன்."

"நான் ஆறரைக்கு" என்றாள் மிரேய்.